ரபாரி உடுப்பின் கண்ணாடி வேலை: ‘பதிப்பு’ சரியா, ‘கட்டு’ சரியா?

> குஜராத்தின் கட்ச் பகுதியில் வாழும் ரபாரி என்ற மேய்ச்சல் சமூகப் பெண்களின் ரவிக்கைப் படத்துக்குக் ‘கண்ணாடிப் பதிப்பு’ என்று எழுதலாமா? ‘ஆடித்தையல்’ என்றும் ஒரு யோசனை உண்டு.

வணக்கம் ஐயா.

இரண்டுமே வேண்டாம் என்பேன். பதிக்கக் குழி வேண்டும். துணியில் குழி ஏது? ‘அப்லா’ எனப்படும் அந்தக் கண்ணாடியில் துளையும் கிடையாது. நூல்தான் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடி அதைத் துணியோடு அழுத்திப் பிடிக்கிறது. அது ‘கட்டு’. ‘ஆடி’ அழகான சொல்தான், ஆனால் பக்கத்திலேயே ‘ஆரி’ இருக்கிறது. ஆரி கொக்கி ஊசி வேலை. இது சாதாரண ஊசி வேலை. அச்சில் ஓரெழுத்து மாறினால் தொழில்நுட்பமே மாறிவிடும்.

என் பரிந்துரை ‘சில்லுக்கட்டு’. ரபாரிகள் வட்டத்தோடு நிற்பதில்லை. முக்கோணம், சதுரம், வாதுமை வடிவம் என்று பலவும் வைக்கிறார்கள். ‘சில்லு’ அத்தனைக்கும் பொருந்தும்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். ஆறிழை நூலில் மூன்று இழை எடுத்து, கண்ணாடி மேல் இணையாக இரண்டு, குறுக்கே இரண்டு. வெட்டிக்கொள்ளும் இடத்தில் முந்தைய நூலை ஒருமுறை சுற்றிப் போக வேண்டும். பிறகு மூலைவாட்டில் நான்கு. இந்த எட்டும் ‘பிடியிழை’. அதற்கடியில் ஒரு கோப்பு, விளிம்பை ஒட்டித் துணியில் ஒரு குத்து என்று காஜா போலச் சுற்றிவருவது ‘சுற்றுத்தையல்’.

இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கக் கூடாது. சுற்றுத்தையல் போடப்போட பிடியிழை வெளிப்பக்கம் இழுபடும். அதனால் பிடியிழையை விளிம்பிலிருந்து விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, இறுக்கமாகப் போட வேண்டும். ஓரத்திலேயே போட்டால் வாய் அகன்று சில்லு நழுவிவிடும். சுற்றுத்தையல் எவ்வளவு நெருக்கமாக இருந்தும் பயனில்லை. நூல் அறுவது வேறு கோளாறு: வெட்டிய விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்காததால் வருவது.

---

மறுமொழி:

‘பிடியிழை’ மிகப் பொருத்தம். ‘சில்லு’ என்றால் இலங்கை வாசகர் சக்கரத்தை நினைப்பார். முதல் இடத்தில் மட்டும் ‘கண்ணாடிச் சில்லுக்கட்டு’ என்று விரித்து எழுதிவிடலாம்.

படக்குறிப்பில் ஆண்டையும் கவனியுங்கள். ரபாரிகளில் ஒரு பிரிவினரான டேபரியா ரபாரிகளின் சமூக மன்றம் 1995இல் தங்கள் மக்கள் எம்பிராய்டரி உடுப்பு அணிவதைத் தடை செய்தது. அதன்பின் ஆயத்த நாடாக்களையும் சரிகைப் பட்டைகளையும் வைத்துத் தைக்கும் முறை வளர்ந்தது. அத்தகைய உடுப்புக்குச் ‘சில்லுக்கட்டு’ என்று எழுதினால் பிழை. ‘நாடா ஒட்டுத்தையல்’ என்று தனிப்பதிவு போடுவோம்.