பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம்: ‘வடக்கின் நரகம்’ங்கிற பேர் எப்படி வந்தது?

கேள்வி (பினாங்கு):
அண்ணே, அந்தப் பேர் கருங்கல் ரோட்டாலதானே? அவங்க டயர்ல வைக்கிற காற்று பாலிக் புலாவ் மண்ரோட்டுக்குச் சரிவருமா?

பதில் 1:
இல்ல தம்பி. பந்தயம் 1896லேயே தொடங்கிடுச்சு, முதல்ல ஜெயிச்சவர் ஜெர்மானியர் யோசெஃப் ஃபிஷர். பேர் வந்தது 1919ல, முதல் உலகப் போர்ல சிதைஞ்சு கிடந்த வடக்கு பிரான்ஸைப் பார்த்து. கல்லைத் தேடிப் போனது பின்னாடிதான். ரோடெல்லாம் தாராக மாறவும், 1968ல அரென்பெர்க் காட்டுக் கருங்கல் பாதையைச் சேர்த்தாங்க. 1977லிருந்து கிளம்புறது பாரிஸுக்கு வடக்கே இருக்கிற கொம்பியேன் ஊர்ல. பாரிஸ் பேருல மட்டும்தான்!

பதில் 2:
இப்ப அவங்க போடறது 30, 32 மிமீ அகல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர், காற்றழுத்தம் சுமார் 4 பார். ரொம்ப இறக்கினா கல் விளிம்பு ரிம்மை உடைக்கும்; ஏத்தினா சக்கரம் துள்ளிப் பிடி விடும். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட வை, எடை அங்கதான் அதிகம். மழை பெய்த மண்ணுக்கு வழவழ டயர் வேண்டாம், என்ன காற்று வச்சாலும் சறுக்கும்.