விடிய விடியப் படித்தால்தான் மார்க் வருமா?

சோமனூர் அப்பா:
மகள் எம்.பி.பி.எஸ். முதல் வருடம். தினமும் 7 மணி நேரம் தூங்குங்கள், உணர்வு நுண்ணறிவை (தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்து நடக்கும் திறனை) வளர்த்துக்கொள்ளுங்கள், மார்க் தானாக வரும் என்று கல்லூரியில் வகுப்பெடுத்தார்களாம். எனக்கு ஒப்பவில்லைங்க. முதல் வருடத்திலேயே அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் இருக்கிறது. தூங்கினால் எப்போது படிப்பது? நானும் வீட்டுக்காரியும் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டித்தான் அவளைப் படிக்கவைத்தோம்.

பெருந்துறை அக்கா (நர்சிங் ஆசிரியை):
அண்ணா, எங்கள் வீடும் சென்னிமலைத் தறி வீடுதான். தறியில் கண் அசந்து நூல் அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். படித்தது மூளையில் பதியவே தூக்கம் வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 88 பேருக்குக் கையில் பட்டை கட்டி, ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தை அளந்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு. மாணவருக்கு மாணவர் இருந்த மார்க் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்கு தூக்கத்தோடு ஒத்துப்போனது. பரீட்சைக்கு முந்தின ராத்திரித் தூக்கத்துக்கும் மார்க்குக்கும் தொடர்பு தெரியவில்லை. பாடம் நடந்த நாட்களில் தூங்கியதுதான் கணக்கில் வந்தது.

கவுந்தப்பாடி:
அக்கா, ஒத்துப்போவது வேறு, காரணம் வேறு. பாடம் புரிகிறவனுக்குக் கவலை குறைவு, அதனால் தூங்குகிறான் என்றும் சொல்லலாமே? உணர்வு நுண்ணறிவும் அப்படித்தான். 1990-இல் சாலவே, மேயர் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த கருத்து, 1995-இல் கோல்மன் என்பவர் எழுதிய புத்தகத்தால் பரவியது. 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்துப் பார்த்த 2020 தொகுப்பாய்வில் மார்க்கோடு அதற்குள்ள தொடர்பு 0.20 தான் (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதாக ஒத்துப்போனால் 1). இருக்கிறது, ஆனால் சிறியது. மார்க் தானாக வரும் என்று பிள்ளைகளிடம் சொல்வது தவறு.

பெருந்துறை அக்கா:
சரி, 'தானாக வரும்' என்றது அதிகப்படிதான். ஆனால் எங்கள் படிப்பு பரீட்சை ஹாலோடு முடிவதில்லை தம்பி. நான் மாணவியாக இருந்தபோது தொடர்ந்து ஐந்தாவது நைட் டூட்டி. விடிகாலையில் ஒரு ஆத்தாவுக்கு பி.பி. பார்க்கப் போனேன். "வேண்டாங் கண்ணு, கை நோவுது" என்றார். சும்மா இருங்க என்று அதட்டிவிட்டுப் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினேன். வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன். அந்தக் கையில் ட்ரிப் ஊசி நகர்ந்து, முழங்கை வரை வீங்கியிருந்தது. அவர் சொன்னது என் காதில் விழுந்தது, முகத்தைப் பார்க்கத்தான் தோன்றவில்லை. ராத்திரி தூங்காதவர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டியபோது, மூளையில் பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60% அதிகமாகக் கிளர்ந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. தூங்காதவளிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

கவுந்தப்பாடி:
அப்படியென்றால் வகுப்பெடுக்க வேண்டியது பிள்ளைகளுக்கு இல்லையே அக்கா. உங்களுக்கு ஐந்து நைட் தொடர்ந்து டூட்டி ஒதுக்கியவர்களிடம் அல்லவா பேச வேண்டும்?

பெருந்துறை அக்கா:
அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நைட் முடிந்த மறுநாள் வகுப்பு வைக்கக் கூடாது என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சோமனூர் அப்பா:
அந்த ஆத்தா கையை நினைத்தால் மனசு சங்கடமாக இருக்கிறது. என் மகள் 5 மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறாள், ரெக்கார்டு வரைந்து முடிக்க ராத்திரி 1 ஆகிறது. நேற்று 11 மணிக்கே லைட்டை அணைத்தேன், சண்டை போட்டுவிட்டுத்தான் படுத்தாள். இன்னும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. இன்டர்னல் மார்க் வரட்டும், இங்கேயே எழுதுகிறேன்.