50 வருசப் பழைய கிபிர் போர் விமானத்தை எப்படிப் புதுசாக்குறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சம்மாந்துறைப் பொடியன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

நான் அம்பாறை ஹார்டியில இயந்திரவியல் இரண்டாம் வருசம். வகுப்பில பதினைஞ்சு நிமிசம் பேசுறதுக்கு ஒரு தலைப்பு எடுக்கச் சொன்னாங்க. விமானப்படை விமானங்களை எப்படிப் பராமரிக்கிற எண்டு எடுத்துட்டன். 2021ல இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸோட சுமார் 5 கோடி டொலருக்கு நம்மட கிபிர்களைப் புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டாங்க. கிபிர் முதல்முதல் பறந்தது 1973ல. எங்கட வாப்பாட வயசும் கிட்டத்தட்ட அதுதான். வாப்பாட லேண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு 20 வயசு, போகத்துக்குப் போகம் ஏதாவது உடையுது. அப்ப 50 வயசு விமானத்தில எதைக் கழட்டி எதைப் போடுவாங்க?

குண்டு, றொக்கற் எல்லாம் பூட்டுறது ஆர், அது கீழ நிக்கக்குள்ளயே வெடிக்காம எப்படிப் பார்த்துக்கிறாங்க எண்டும் தெரியணும். அடுத்தது, 2025 மே 9 மாதுறு ஓயாவில பெல் 212 ஹெலி விழுந்து 6 பேர் இறந்த நேரம் எங்கட ஊரில எல்லாரும் சொன்னது ஒரே கதை: "பழசு, அதான் விழுந்த." அது சரியான கதையா?

காத்தான்குடி – தோஹா:

தம்பி, நான் பயணிகள் விமானத்தில மின்னணுப் பக்கம் வேலை செய்ற ஆள். போர் விமானம் தொட்டதில்ல. ஆனா புதுப்பிக்கிறது எண்டா ரெண்டு வேலை எண்டு பிரிச்சுப் பேசு. ஒண்டு உடம்பும் எஞ்சினும். கிபிரில இருக்கிறது ஜெனரல் எலக்ட்ரிக் ஜே79. பேண்டம், ஸ்டார்ஃபைட்டர் விமானங்களில இருந்த அதே எஞ்சின். அதை முழுசாக் கழட்டி, ஒவ்வொரு தகடாச் சோதிச்சு, திரும்பப் பூட்டுவாங்க.

மற்றது மூளை. பழைய முள்ளு மீற்றர்களை எடுத்துட்டு கொம்பியூட்டரும் திரையும் வைக்கிற. 2021 ஒப்பந்தத்தில இருந்ததும் பெரும்பாலும் இதுதான்: புது மின்னணுச் சாமான், பிறகொரு நாள் நல்ல றேடார் பூட்டுறதுக்கு இப்பவே இடம் ஒதுக்கி வைக்கிறது, விமானிக்குப் புதுத் தலைக்கவசம். வேலையை நம்மட விமானப்படை ஆக்களையும் சேர்த்து இங்கயே செய்றதெண்டும் இருந்திச்சு. கொலம்பியாவும் தன்ட கிபிர்களை இப்படித்தான் மாத்தி, புது றேடார் வைச்சுக் கனகாலம் ஓட்டினது. அமெரிக்காட பி-52 குண்டுவீச்சு விமானங்களில கடைசி விமானம் குடுத்தது 1962ல. இன்னும் பறக்குது, இப்ப ரோல்ஸ் ரோய்ஸ் எஞ்சின் மாத்துறாங்க.

கல்லடி ஃபிட்டர்:

மகன், எனக்கு 79 வயசு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி அடிக்கிறாள், பிழையிருந்தா அவள்ட கணக்கில வைக்காத.

1965ல, அது ‘றோயல் சிலோன் எயர் ஃபோர்ஸ்’ ஆக இருக்கக்குள்ள, நான் சேர்ந்தன். தியத்தலாவையில பயிற்சி, மறுகா கட்டுநாயக்கா, மறுகா திருகோணமலைச் சீனக்குடா. நான் எயர்ஃபிறேம் ஃபிட்டர். எஞ்சினுக்கு வேற ஆள், மின்சாரத்துக்கு வேற ஆள், ஆயுதத்துக்கு ஆர்மரர். என்ட கையில இருந்தது இறக்கை, சில்லு, பிறேக், ஹைட்ரோலிக் குழாய்.

வாப்பாட லேண்ட்மாஸ்டரை உடைஞ்ச பிறகுதானே கழட்டுறீங்க? விமானத்தில உடைய முதல் கழட்டுற. நல்லா இருக்கிற சாமானைக் கழட்டி எறியிற தொழில் இது. ஒவ்வொண்டுக்கும் ஆயுள் எழுதியிருக்கும். சிலதுக்குப் பறந்த மணித்தியாலம், சிலதுக்கு எத்தனை தரம் தரையில இறங்கின எண்ட கணக்கு, சிலதுக்குக் கலண்டர். இந்தக் கலண்டர் ஆயுள்தான் வெளி ஆக்களுக்கு விளங்காதது. ஹங்கருக்குள்ள சும்மா நிண்டாலும் ரப்பர் காயும், ஹைட்ரோலிக் குழாயில வெடிப்பு விழும், வயரின்ட தோல் நொறுங்கும். எங்கட ஜெட் புறொவோஸ்ட் பயிற்சி விமானத்தில மார்ட்டின் பேக்கர் இருக்கை இருந்தது, ஆபத்தில விமானியை வெளிய தூக்கி எறியிறது. அதுக்குள்ள வெடித்தோட்டா. ஒருநாளும் பாவிக்காட்டியும் திகதி முடிஞ்சா மாத்தியே ஆகணும். திகதி போன தோட்டா எரியாட்டி அந்த மனிசனுக்கு வேற வழியில்ல.

1971 சித்திரை. தெற்கில ஜேவிபி எண்ட இடதுசாரி இயக்கத்துப் பொடியங்கள்ட கிளர்ச்சி துவங்கின நேரம், ஜெட் புறொவோஸ்டுகளைப் பாவனையில இருந்து எடுத்துச் சீனக்குடாவில மூடி வைச்சிருந்தாங்க. சில நாளைக்குள்ள பறக்க வைக்கணும் எண்டு கட்டளை வந்திச்சு. காற்று உறிஞ்சுற வாயில மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் ஈரம் ஏறி நீல நிறம் போய் இளஞ்சிவப்பாக் கிடக்கு. பக்கத்தில கடல், எல்லாத்திலயும் உப்பு. ஒரு விமானத்தின்ட பிற்றோ குழாயைப் பார்த்தன். வேகம் அளக்கிற குழாய் அது, விரல் மொத்தம்தான். உள்ளுக்கு மண்குளவி கூடு கட்டியிருக்கு. அதோட பறந்திருந்தா விமானிக்கு வேகம் பிழையாக் காட்டும், ஏன் விழுறன் எண்டு தெரியாமலே விழுவான். ஒரு மெல்லிய கம்பியால அரை மணித்தியாலம் தோண்டினன். கூட நிண்டவர் "கெதியா, கெதியா" எண்டு கத்தினார். நான் கெதிப்படல்ல. இப்பவும் அதை நினைச்சா நெஞ்சுக்கு ஆறுதல்.

ஆயுதம் பூட்டுறதைப் பக்கத்தில நிண்டு பார்த்திருக்கிறன். விமானத்தை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் பார்க்க நிறுத்துவாங்க. உடம்பில நிலைமின் தங்காமல் நிலத்துக்கு வயர் போடுவாங்க. றொக்கற் பத்துறது மின்சாரத்தால, அதனால அதின்ட செருகியைப் பூட்ட முதல் அந்த வயரில துளி மின்சாரமாவது இருக்கா எண்டு மீற்றர் வைச்சுப் பார்க்கிற. ஒவ்வொண்டிலயும் சிவப்புப் பட்டி தொங்குற பாதுகாப்பு ஊசி. ஓடுபாதை முனையில கடைசியாத்தான் உருவுவாங்க. உருவினதை ஆர்மரர் கையில உயர்த்திக் காட்ட, மேல இருந்து விமானி எண்ணுவார். இந்தக் காலத்துப் போர் விமானங்களில சில்லில பாரம் இருக்கும் மட்டும் சுடுற மின்சுற்றே வேலை செய்யாத மாதிரி ஒரு சுவிட்சும் இருக்கு.

1979ல விலகி வளைகுடாவுக்குப் போனன். அங்க ஒரு நாட்டு விமானப்படையின்ட ஹங்கரில 14 வருசம். பழைய போர் விமானத்துக்குப் புது ஆயுதம் பூட்டுற வேலையெல்லாம் அங்கதான் கண்டன். ஆக்கள் நினைக்கிறது குண்டைத் தொங்கவிட்டாச் சரி எண்டு. புதுக் குண்டு வந்தா இறக்கையின்ட பாரம் மாறும், நடுங்குற விதம் மாறும், கழண்டு விழக்குள்ள திரும்பி வாலில அடிக்காதா எண்டு பறந்து பார்க்கணும். எல்லாத்துக்கும் மேல வயர். ஒரு போர் விமானத்துக்குள்ள கிலோமீற்றர் கணக்கில வயர் ஓடும். திரை மாத்த ஒரு நாள் போதும். அந்தத் திரைக்குப் பின்னால போற பழைய வயரைத் தேடி, இலக்கம் பார்த்து, மாத்த மாசக்கணக்கு.

பெல் 212 கதைக்கு வாறன். ஊரில சொல்லுறதை அப்படியே மேடையில சொல்லாத மகன். வயசு மட்டும் விமானத்தை விழுத்தாது. உன்ட ஆசிரியர் கேட்டா இப்படிச் சொல்லு: அந்த விமானத்தின்ட பதிவுப் புத்தகத்தைக் காட்டுங்க, கியர் பெட்டி எப்ப மாத்தின, எந்தச் சாமான் எங்க இருந்து வந்த, ஆர் கையெழுத்து வைச்ச. எங்கட காலத்தில அதுக்குப் பேர் ஃபோம் 700. பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன முறை. ஒரு ஆணியைத் தொட்டாலும் எழுதி, தொட்டவன் ஒரு கையெழுத்து, பார்த்தவன் ஒரு கையெழுத்து. விமானி அதைப் படிச்சுத் தானும் கையெழுத்து வைச்ச பிறகுதான் ஏறுவார். காசில்லாத நேரம் ஒரு விமானத்தில இருந்து கழட்டி இன்னொண்டுக்குப் போடுவாங்க. அது பாவமில்ல, எழுதாமல் போடுறதுதான் பாவம். நான் கண்ணால பார்க்காத ஒண்டுக்கு ஒருக்கா கையெழுத்து வைக்கச் சொன்னாங்க. வைக்கல்ல. அந்த வருசம் எனக்குப் பதவி உயர்வு வரல்ல.

வாகரைப் பிள்ளை:

ஐயா, நீங்க சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சன். 2006 கடைசியில எனக்குப் பதினொரு வயசு. வாகரையில இருந்தம். "கிபிர் வருது" எண்டு ஆரும் கத்தினா அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள குதிப்பா. சிலநேரம் சத்தம் கேட்கக்குள்ள அது போயிருக்கும், குண்டுதான் வரும். இப்பவும் மட்டக்களப்புப் பக்கம் ஏதும் பெரிய விமானம் பதியப் போனா என்ட கை தானா மேசையைப் பிடிக்கும்.

கோபத்தில கேட்கல்ல, தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்கிறன். கீழ நிண்டு ஆணி இறுக்கிக் கையெழுத்து வைக்கிற ஆக்களுக்கு அது எங்க போகுதெண்டு தெரியுமா?

கல்லடி ஃபிட்டர்:

தெரியும் மகள்.

2006ல நான் அங்க இல்ல, அந்த ஆக்களுக்காகப் பேச என்னால ஏலாது. 1971 எனக்குத் தெரியும். நான் பிற்றோ குழாய் துப்பரவாக்கின விமானம் றொக்கற்றோட போய், றொக்கற் தொங்குற தண்டவாளம் வெறுமையாத் திரும்பி வந்தது. போன திசையும் தெரியும். என்னோட ஒரே அறையில இருந்த சிங்களப் பொடியன் ஒருத்தன், அவனும் ஃபிட்டர். அவன்ட தம்பி ஊரில இருந்து காணாமப் போயிருந்தான், அந்தப் பொடியங்களோட சேர்ந்திட்டான் எண்டு கதை. பகல்ல வேலை செய்தான். ஒரு ஆணியையும் பிழையா இறுக்கல்ல. ராவில சோத்துக் கோப்பையை முன்னால வைச்சுக்கொண்டு இருப்பான், கை போகாது. கொஞ்ச நாளில எனக்கும் இறங்கல்ல.

ஃபோம் 700ல ரயர் காற்றுக்கு ஒரு கட்டம் இருக்கு, எண்ணெய்க்கு இருக்கு, பிறேக்குக்கு இருக்கு. அது எங்க போச்சு, கீழ ஆர் இருந்தாங்க எண்டதுக்குக் கட்டமில்ல. மேல ஏறின மனிசன் உயிரோட இறங்கணும் எண்டுதான் நான் கையெழுத்து வைச்சன், அது உண்மை. கீழ இருந்த பிள்ளையளும் அந்தக் கையெழுத்துக்குள்ளதான் வந்தாங்க, அதுவும் உண்மை. ரெண்டையும் 54 வருசமாச் சேர்த்து வைச்சுப் பார்க்கிறன், ஒண்டு மற்றதை அழிக்கல்ல. உன்னட்டப் பொய் சொல்ல எனக்கு வயசில்ல. நான் விலகினதுக்கு மற்றவைக்குச் சொன்ன காரணம் சம்பளம்.

சம்மாந்துறைப் பொடியன்:

ஐயா, வாகரை அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. பேச்சில கடைசி மூணு நிமிசத்தை அக்கா கேட்ட கேள்விக்கு வைக்கப் போறன், பேர் ஊர் சொல்லாம. அக்கா விருப்பமில்லாட்டி சொல்லுங்க, எடுத்துருவன்.

ஐயா, ஆணிகள் அதிர்வில கழராம முறுக்குக் கம்பி போடுவாங்க எண்டு படிச்சன். யூடியூப்பில பார்த்துச் செய்தன், கம்பி அறுந்து போகுது.

வாகரைப் பிள்ளை:

சொல்லு தம்பி. ஊர்ப் பேரையும் சொல்லு.

கல்லடி ஃபிட்டர்:

கம்பி அறுகிறது நீ குறட்டால இழுத்து முறுக்குறதால. பாதியளவு இழுவை போதும், பிடியைக் கழட்டாம ஒரே சீராச் சுத்து. 0.8 மில்லிமீற்றர் கம்பிக்கு ஒரு அங்குலத்தில 6 இலிருந்து 8 முறுக்கு. ஆணி கழரப் பார்த்தா கம்பி அதை இறுக்குற பக்கம் இழுக்கணும், பிழையான பக்கம் போட்டா போடாததுக்குச் சமன். நுனியை உள்ளுக்கு மடி, இல்லாட்டி பிறகு வாறவன்ட கை கிழியும்.

சனிக்கிழமை கல்லடிக்கு வா. பாலத்துக்குக் கிட்ட வந்துட்டு இங்க தனிச்செய்தி போடு, பேத்தி வழி சொல்லுவாள். ஒரு பழைய பம்ப் மூடி ஆறு ஆணியோட கிடக்கு, கம்பி உருட்டும் இருக்கு. குறடு நீ கொண்டுவா.