வீட்டுப் போட்டோக்களை ஒழுங்குபண்ணும்போது சந்தித்தவை: அனுபவப் பகிர்வு

மயிலாப்பூர் (இழையைத் தொடங்கியவர்)

பிகாசா என்ற போட்டோ மென்பொருளை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இன்னும் அதை விடாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு, காரணமும் புரிகிறது. அவ்வளவு எளிமையாக முகத்துக்குப் பெயர் போடவிட்ட மென்பொருள் அப்போது வேறில்லை. சிக்கல் கம்ப்யூட்டர் மாற்றும் அன்றைக்கு வரும். போட்டோக்களை மட்டும் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணினால், படங்கள் வந்துவிடும்; பெயர்களும் வெட்டித் திருத்திய வேலைகளும் வராது. அவை படத்துக்குள் இல்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'பிகாசா.ஐஎன்ஐ' என்று மறைந்திருக்கும் ஒரு குட்டிக் கோப்பில் இருக்கின்றன. 'சேவ்' கொடுத்த படங்களின் அசல், 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைவு ஃபோல்டரில் கிடக்கும்.

அதனால் பழைய கம்ப்யூட்டர் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டியது: பிகாசா 3.9-இல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேம் டேக்ஸ் பக்கத்தில் பெயர்களைப் படத்திலேயே எழுதச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். அதற்கு முன்பே போட்ட பெயர்களுக்கு, டூல்ஸில் எக்ஸ்பெரிமென்டல் கீழே இருக்கும் 'ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி'யையும் ஓடவிடுங்கள். திருத்திய படங்கள் எல்லாவற்றுக்கும் 'சேவ்' கொடுங்கள். பிறகு விண்டோஸில் மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, ஃபோல்டரை முழுசாக எடுங்கள். புது இடத்தில் டிஜிகாம் என்ற இலவச போட்டோ மென்பொருளைப் போட்டால் படத்துக்குள் எழுதிய முகப் பெயர்களை அது படித்துக்கொள்ளும்.

ஆனால் டிஜிகாமிலும் இதே குழி இருக்கிறது. அதுவும் எல்லாவற்றையும் முதலில் தன் டேட்டாபேஸில்தான் வைக்கும். செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கம் போய், டேக் (தேட உதவும் குறிச்சொல்), தலைப்பு, முகப் பெயர் மூன்றும் படத்தில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். பெயர் போட்ட பிறகுதான் இதைக் கவனித்தீர்கள் என்றால், டூல்ஸ் மெனுவில் மெயின்டனன்ஸ் திறந்து, டேட்டாபேஸிலிருந்து படத்துக்கு எழுதும் திசையில் ஒரு முறை ஓடவிடுங்கள். சோதிப்பது எளிது: ஒரு படத்தை பென் டிரைவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் டிஜிகாமில் திறந்தால் பெயர் தெரிய வேண்டும்.

நீங்கள் சந்தித்ததையும் எழுதுங்கள். எப்படி நடந்தது, எதனால், எப்படிச் சரியானது என்று இருந்தால் எல்லோருக்கும் உதவும்.

மேற்கு மாம்பலம்

கல்யாணப் போட்டோக்களில் கடிகாரம்தான் பெரிய தலைவலி. இரண்டு கேமரா, ஒரு செல்போன், மூன்றிலும் மூன்று நேரம். தேதி வரிசையில் அடுக்கினால் மாலை மாற்றுவதற்கு முன்பே தாலி ஏறிவிடும்.

இரண்டு கேமராவிலும் பதிவான ஒரே நொடியைத் தேடுங்க. அட்சதை காற்றில் நிற்கிற படம் இதற்கு நன்றாக வரும். ஒரு விநாடிக்கு மேல் தப்பாது. ஒன்றில் 07:42:10, இன்னொன்றில் 19:39:55 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேமராவில் காலை, மாலை மாறிப்போயிருக்கிறது, அதற்கு மேல் கடிகாரம் சில நிமிஷம் பின்தங்கியும் இருக்கிறது. வித்தியாசம் 11 மணி 57 நிமிஷம் 45 விநாடி. அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து, டிஜிகாமில் 'அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்' திறந்து, அவ்வளவையும் கழிக்கச் சொன்னால் முடிந்தது. எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிட்டுப் பிறகு ஆரம்பிக்காதீங்க. கேமரா மாடல் பார்த்துப் பிரிக்க முடியும், ஆனால் ஒரே மாடல் இரண்டு இருந்தால் திண்டாட்டம்தான்.

வீடியோவில் வேறு ஒரு சங்கதி. செல்போன் எம்பி4-க்குள் எழுதுகிற நேரம் நம் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். அதாவது 5 மணி 30 நிமிஷம் பின்னால். மென்பொருள் அதைக் கூட்டிக் காட்டாவிட்டால், விடியற்காலை 4:30 முகூர்த்தத்தில் எடுத்த வீடியோ முந்தின நாள் இரவு 11 மணிக்குப் போய் வரவேற்பு ஃபோல்டரில் உட்காரும். காணோம் என்று தேடுகிறவர்கள் முந்தின நாளைப் பார்ப்பதே இல்லை! சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 5:30 கூட்டாமல், எந்த நேரத்தில் எடுத்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வீடியோவைச் சரிபார்த்துவிட்டுத் தொடுங்க.

தாம்பரம்

வாட்ஸாப்பில் வந்த படங்களுக்கு எடுத்த தேதியே இல்லையே, என்ன செய்வது?

மேற்கு மாம்பலம்

வாட்ஸாப் படத்தைச் சுருக்கும்போது உள்ளே இருக்கும் தேதி, கேமரா, இடம் எல்லாம் போய்விடும் சார். கோப்பின் பெயரில் ஐஎம்ஜி-20240115-டபிள்யூஏ0007 என்று இருக்கும் இல்லையா, அந்த எட்டு இலக்கம்தான் மிச்சம். அதுவும் எடுத்த நாள் இல்லை, உங்கள் போனுக்கு வந்த நாள். பொங்கலுக்கு வந்த 'பழைய படம்' எல்லாம் பொங்கலன்று எடுத்ததாகவே நிற்கும். வேறு வழியில்லாதபோது பெயரிலிருந்து தேதியை எடுத்து எழுதலாம், கூடவே 'தேதி தோராயம்' என்று ஒரு டேக் போட்டுவிடுங்க. இனிமேல் வரப்போவதற்கு: அனுப்புகிறவரை 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்க. அப்போது அசல் கோப்பு அப்படியே, தேதியோடு வரும். ஹெச்டி பட்டன் போதாது, அதிலும் சுருக்கம் உண்டு.

ராயப்பேட்டை

பிரிண்ட் போடுகிறவர்களுக்காக இதைத் தொடர்கிறேன். சாதாரணமாக வாட்ஸாப்பில் வரும் படம் நீளப் பக்கத்தில் பெரும்பாலும் 1600 பிக்சல். 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) கணக்கில் 1800 பிக்சல் வேண்டும். 1600 என்றால் சுமார் 267, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதையே 8-க்கு 12 போட்டால் 133. முகத்தில் தோல் மெழுகுபோல் தெரியும்.

தலை வெட்டுப்படுவது எப்போதும் வரும் புகார். செல்போன் படம் 4-க்கு 3 விகிதம், 4-க்கு 6 தாள் 3-க்கு 2. தாளை நிரப்ப வேண்டுமானால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே ஆகவேண்டும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கும் உயரமானவர்களின் தலை அந்தப் பங்கில்தான் இருக்கும். மெஷினை வெட்டவிடாமல், இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் 3-க்கு 2 விகிதம் வைத்து நீங்களே வெட்டிக் கொடுங்கள். வெட்டியதைப் புதுப் பெயரில் சேமியுங்கள், அசல் அப்படியே இருக்கட்டும். ஜேபெக்கைத் திறந்து திறந்து மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். திருப்ப மட்டும் வேண்டுமென்றால், இர்ஃபான்வியூவிலேயே தரம் குறையாமல் திருப்பும் 'லாஸ்லெஸ்' வசதி இருக்கிறது.

திருவல்லிக்கேணி

பழைய ஆல்பம் ஸ்கேன் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

4-க்கு 6 படத்துக்கு 600 டிபிஐ போதும். 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 1200. அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் பெரிதாகும், படம் பெரிதாகாது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய வருஷம் எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் 0147 என்றால் பின்பக்கத்துக்கு 0147-பின் என்று ஒரே எண்ணில் வைத்தால் பிரியாது.

பளபளப்பான தேன்கூடு மாதிரிப் புள்ளி போட்ட பழைய தாள், ஸ்கேனில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக வரும். படத்தை ஒரு தடவை நேராகவும், ஒரு தடவை தலைகீழாகவும் வைத்து ஸ்கேன் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலந்தால் புள்ளி பெருமளவு அடங்கிவிடும். ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதுதான் காரணம்.

சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, ஃபிரேம் போட்டு மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம் என்று பார்த்தால், பிரின்டரோடு சேர்ந்து வரும் விலை குறைந்த ஸ்கேனர்களில் மங்கலாக வரும். அவற்றில் இருப்பது சிஐஎஸ் சென்சார்; தாள் கண்ணாடியைத் தொட்டால்தான் அதற்குத் தெளிவு. கொஞ்சம் தள்ளி இருப்பதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் படத்தைச் சுவரில் சாய்த்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள். ஒட்டும் பக்க ஆல்பமாக இருந்தால் மெழுகில்லாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்து வாருங்கள். வரவில்லையா, பக்கத்தோடே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

தேதி எழுதாமல் விட்டால் 1978-இல் எடுத்த படமும் ஸ்கேன் செய்த நாளில் போய் நிற்கும். வருஷம் மட்டும் தெரிந்தால் அந்த வருஷத்து ஜனவரி 1, பகல் 12 மணி என்று எழுதி, மேலே சொன்ன 'தேதி தோராயம்' டேக்கையும் சேருங்கள்.

தமிழில் தலைப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. படத்துக்குள் குறிப்பு எழுத ஐபிடிசி என்ற பழைய முறையும் எக்ஸ்எம்பி என்ற புது முறையும் உண்டு. பழையதில் டேக் ஒன்றுக்கு 64 பைட் எல்லை. ஆங்கில எழுத்து ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், 'கா' என்பது இரண்டு குறி. ஆக 21 குறிதான் கொள்ளும். 'திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் தேர்' என்று டேக் போட்டால் பாதியில் அறுந்து நிற்கலாம், சில மென்பொருளில் கேள்விக்குறியாகவும் தெரியும். டேக்கைச் சுருக்கமாகப் பிரித்துப் போடுங்கள், நீளமாக எழுத வேண்டியதைத் தலைப்பில் எழுதுங்கள், எக்ஸ்எம்பியில் எழுதும்படி வையுங்கள்.

அடையாறு

மேலே மயிலாப்பூர் மேடம் முகப் பெயர் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 'பாட்டி', 'பெரியப்பா' என்று உறவு முறையில் டேக் போடாதீர்கள். உங்களுக்குப் பெரியப்பா, உங்கள் பிள்ளைக்குத் தாத்தா. ஆல்பம் அடுத்த வீட்டுக்குப் போனதும் டேக் பொய்யாகிவிடும். முழுப் பெயர் போடுங்கள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்த குடும்பத்தில், பெயரோடு பிறந்த வருஷத்தையும் சேருங்கள்.

முடிச்சூர்

சேமிப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் தண்ணீர் ஏறிய தெருக்களில் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ்த்தட்டுதான் முதலில் நனைந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பரணில் வையுங்க. இன்னொரு காப்பி வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கட்டும்.

நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு, தண்ணீர் அது வழியாக உள்ளே போயிருக்கும். காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் சேற்றுத் துகள் தட்டில் ஒட்டியிருக்கும், சுழன்றதும் கீறிவிடும். வெயில், ஹேர் டிரையர், அரிசி டப்பா எதுவும் வேண்டாம். கவரில் போட்டு மூடி, டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் கொடுங்க.

மெமரி கார்டிலிருந்து இறக்கும்போது இன்னொரு விபத்து. கேமரா படங்களுக்குப் போடும் எண் 9999 தாண்டினால் மறுபடி 0001-இல் ஆரம்பிக்கும். பழைய படங்கள் இருக்கிற ஃபோல்டரிலேயே கொட்டினால் 'மாற்றவா?' என்று கேட்கும். ஆமாம் என்றால் பழையது போச்சு. இறக்கியவுடன் இர்ஃபான்வியூ 'பேட்ச் ரீநேம்' வைத்து, எடுத்த தேதி, நேரம், கேமரா போட்ட எண் மூன்றும் சேர்ந்த பெயராக மாற்றிடுங்க. எண் எதற்கென்றால், தொடர்ச்சியாகத் தட்டிய படங்களுக்கு விநாடி ஒன்றாகவே இருக்கும்.

அண்ணா நகர்

கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் வருகிறது. ஜிமெயிலும் டிரைவும் அதே 15-இல்தான். இறக்கிவிடலாம் என்று கூகுளின் 'டேக்அவுட்' வசதியில் எடுத்தால், அங்கே நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்தில் இருக்காது, பக்கத்தில் ஜேசான் என்ற தனிக் கோப்பாக வரும். வேண்டாத கோப்பு என்று அவற்றை அழிக்காதீர்கள். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து அவற்றில் இருப்பதைப் படத்துக்குள் எழுதிய பிறகு அழிக்கலாம்.

மயிலாப்பூர்

எல்லோருக்கும் நன்றி. பார்க்கும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவை டிவியில் செருகினால் ஐபோன் எடுக்கும் ஹெய்க் வகைப் படங்கள் பல டிவிகளில் திறக்காது. ஜேபெக்காக மாற்றி, அகலம் 1920-க்குச் சுருக்கி, பெயரின் முன்னால் 001, 002 என்று போடுங்கள். டிவி பெரும்பாலும் பெயர் வரிசையில்தான் காட்டும். பெரியவர்கள் பார்ப்பதாக இருந்தால் ஒரு படத்துக்கு 5 விநாடி பற்றவே பற்றாது. தானாக ஓடவிடாமல் ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள்.

அப்போது பக்கத்தில் செல்போனில் குரல் பதிவைப் போட்டு வைத்தால், யார் யார், எந்த வீடு என்று அவர்கள் சொல்வதெல்லாம் கிடைக்கும். மறுநாள் உட்கார்ந்து தலைப்பாக எழுதலாம். ஒருவர் மட்டும் படத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் 'இது நம்ம சின்னம்மா, இது அவ கட்டின முதல் பட்டு' என்று தெளிவாகக் கேட்கும், எந்தப் படம் என்று தெரியாது.