வெள்ளம், புயல் நேரத்தில் ஊருக்குள்ளிருந்து வீடியோ எடுத்து அனுப்புவது: நம்பும்படி எடுப்பது எப்படி?

அடப்பாறு_கரை கேட்டது:

வணக்கம். தலைஞாயிறு பக்கம் நாலு ஊர்ப் பசங்க சேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு சின்னக் குழு அமைக்கிறோம். ஆளுக்கு ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், அவ்வளவுதான். கஜா சமயத்துல இந்தப் பக்கத்து உள்கிராமங்களோட நிலைமை வெளியே தெரியவே நாளாச்சு. தெரிஞ்சப்பவும் எது எந்த ஊர் வீடியோன்னு யாருக்கும் புரியல. செய்தியாளர்களும் அதிகாரிகளும் நம்பி எடுத்துக்கிற மாதிரி எப்படி எடுக்கணும், எப்படி அனுப்பணும்? டவர் இல்லேன்னா என்ன வழி? நிவாரணம் கேட்டு மறியல் நடந்தா அதை எடுக்கலாமா?

மதகடி பதில்:

தம்பி, பெரும்பாலான வெள்ள வீடியோ வீணாப் போறதுக்கு ஒரே காரணம், தண்ணியை மட்டும் எடுக்கிறது. தண்ணி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊரைக் காட்டுங்க. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில ஊராட்சிப் பேர் எழுதியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பலகை, கிலோமீட்டர் கல், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை, ரேஷன் கடை, இதுல ஏதாவது ஒண்ணு தண்ணியோட சேர்ந்து ஒரே காட்சியில விழணும். வெட்டி ஒட்டினா மதிப்பு போச்சு.

போனைப் படுக்கையாப் பிடிங்க. முதல்ல அசையாம 10 வினாடி, அகலமா. அப்புறம் நின்ன இடத்துலயே மெதுவா ஒரு முழுச் சுற்று. கடைசியா கிட்டப் போய் உடைப்பையோ விழுந்த வீட்டையோ எடுங்க. ஜூம் வேண்டாம். எடுக்கும்போதே வாயால சொல்லிடுங்க: தேதி, மணி, ஊர், தெரு, எந்தத் திசையைப் பார்த்து நிக்கிறோம். காத்துக்கு முதுகைக் காட்டி நின்னாத்தான் குரல் பதிவாகும். நீளம் ஒரு நிமிஷத்துக்குள்ள போதும். 1080 தரத்துல ஒரு நிமிஷமே 100 மெகாபைட்டைத் தாண்டிடும், புயல் நேரத்து நெட்டுல அது நகராது.

ஆழத்தை 'இடுப்பளவு'ன்னு சொன்னா யாரோட இடுப்புன்னு கேள்வி வரும். ஒரு மூங்கில் கழியில அரை அடிக்கு ஒரு கோடு பெயிண்ட்ல போட்டு இப்பவே வச்சுக்குங்க. ஆத்துத் தண்ணியைத் தடுத்துத் திறக்கிற ரெகுலேட்டர் தூண்ல அளவுகோல் இருந்தா அதையே எடுங்க, மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்துல நின்னு. ஏறுதா வடியுதான்னு சொல்றதுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனா கரை மேல நிக்கும்போது அரிப்பு எந்தப் பக்கம்னு பார்த்துட்டு நில்லுங்க. அறுந்த கம்பி கிடந்தா கிட்டவே போகாதீங்க, மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்க.

டவர் இல்லாதப்ப போன் சிக்னல் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். ஏர்பிளேன் மோடுல போட்டுட்டு எடுங்க. ஜி.பி.எஸ்.க்கு டவர் வேண்டாம், செயற்கைக்கோள் போதும். ஆனா நெட் இல்லாம முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும், தென்னந்தோப்புக்குள்ள இன்னும் லேட். வெட்டவெளியில நின்னு காத்திருங்க. ஊர் வரைபடத்தை ஆஃப்லைனா இப்பவே இறக்கி வச்சிடுங்க. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்ல கைக்கு வர்றது 6,000 சொச்சம்தான், 5,000 எம்.ஏ.எச். பேட்டரி போனுக்கு ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும். சார்ஜ் போடுற ஓட்டையில ஈரம் இருந்தா காயற வரைக்கும் வயரைச் செருகவே கூடாது.

நெட் செத்தாலும் எஸ்.எம்.எஸ். போக வாய்ப்பு உண்டு. தமிழ்ல அடிச்சா ஒரு செய்திக்கு 70 குறிதான், அதுலயும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. நீளமானா ரெண்டு மூணாப் பிரிஞ்சு, ஒரு துண்டு வழியில மாட்டிக்கும். ஊர், மணி, தண்ணி எத்தனை அடி, எத்தனை பேர், என்ன வேணும். இந்த வரிசையை எல்லாரும் முன்கூட்டியே பேசி வச்சுக்குங்க. உயிர் ஆபத்துன்னா வீடியோ அப்புறம், முதல்ல 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, கிடைக்கலேன்னா 1070, மாநிலக் கட்டுப்பாட்டு அறை.

கோரையாறு பதில்:

மதகடி அண்ணன் எடுக்கிறதைச் சொல்லிட்டார். அனுப்பும்போதுதான் முக்கால்வாசி கெட்டுப்போகும். வாட்ஸ்அப்ல வழக்கம்போல போட்டோவா அனுப்பினா தரம் குறையும், கூடவே நேரம், இடம் அடங்கிய உள்தகவலும் அழிஞ்சிடும். 'எச்.டி.' போட்டாலும் சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்'னு தேர்ந்து அனுப்புங்க, கோப்பு அப்படியே போகும். மூலக் கோப்பைப் போன்லருந்து அழிக்கவோ, பேர் மாத்தவோ, பாட்டுச் சேர்க்கவோ கூடாது. வெட்டணும்னா பிரதியில வெட்டுங்க.

தேதி, இடம் பொறிக்கிற கேமரா செயலிகள் ரொம்பப் பேர் வச்சிருக்காங்க. பார்க்க வசதி, ஆனா அதுல என்ன எழுத்து வேணும்னாலும் பொறிக்கலாம், அதனால சான்றா எடுத்துக்க மாட்டாங்க. சாதாரண கேமராவுல ஒண்ணு கட்டாயம் எடுங்க.

வர்ற வீடியோவைச் சரிபார்க்கவும் ஒருத்தரை உட்கார வைங்க, அவர் களத்துக்குப் போகவேண்டாம். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சிட்டுப் போன காட்சி மாதிரி பழசை, கொள்ளிடத்துல தண்ணி கூடுறப்ப யாராவது 'இப்போ'ன்னு போடலாம். பழைய அணைக்குக் கீழே புதுக் கதவணை வந்தாச்சு, காட்சியில அது இருக்கவேண்டிய கோணமா இருந்தும் இல்லேன்னா பழசு. ஒரு ஃப்ரேமை நிறுத்தி கூகுள் லென்ஸ்ல போட்டாலே பாதி மாட்டும்.

வயலைப் பாருங்க. நவம்பர் நடுவுல சம்பா பச்சையா நிக்கும். கதிர் முத்திச் சாய்ஞ்ச நெல் தண்ணியில கிடக்கிற வீடியோவை 'நேத்து எடுத்தது'ன்னு நவம்பர்ல அனுப்பினா, அது பிப்ரவரிக்குக் கிட்டத்துல எடுத்ததா இருக்கலாம். 2023 பிப்ரவரி ஆரம்பத்துல பெஞ்ச மழையில அறுப்புக்கு நின்ன சம்பா அப்படித்தான் சாய்ஞ்சது. அக்டோபர்னா அறுப்புக்கு நிக்கிற குறுவையா இருக்க இடமுண்டு, அதனால அவசரப்பட்டுப் பொய்னும் சொல்லிடாதீங்க. வண்டி எண்ணை மட்டும் நம்பாதீங்க. டிஎன் 51 நாகைப் பதிவுதான், வண்டி சென்னையில ஓடும்.

யூடியூபையும் ஃபேஸ்புக்கையும் பெட்டகமா நினைக்காதீங்க. 2017ல யூடியூபோட தானியங்கி வடிகட்டல், சிரியாப் போர்ல மக்கள் எடுத்துப் போட்ட ஏராளமான வீடியோவைத் தூக்கிடுச்சு. 'சிரியன் ஆர்கைவ்' மாதிரி அமைப்புகள் பிரதி வச்சிருந்ததாலதான் பல தப்பிச்சது. ஒரு மெமரி கார்டு, வெளியூர்ல ஒருத்தர் கணினியில ஒரு பிரதி.

வெண்ணாறு_வக்கீல் பதில்:

மறியல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொது இடத்தில் எடுக்கலாம். ஆனால் நேரலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நேரலையில் முகம், குரல், இடம் மூன்றும் உடனே வெளியாகின்றன. திரும்பப் பெற வழியில்லை. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிவை எதிர்த்து மறித்தவர்கள் மீது தடியடியும் கைதும் நடந்தன. அத்தகைய இடத்தில் உங்கள் வீடியோ காவல்துறை அத்துமீறலுக்கும் சான்றாகலாம், முன்வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் மீதான வழக்குக்கும் சான்றாகலாம். மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள், வெளியிடும் பிரதியில் முகங்களைக் கெட்டியான கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். போனில் உள்ள மார்க்கர் பேனா பாதி ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் இருந்தால் ஒலியையும் நீக்குங்கள்.

போர்ச் சூழலில் இது இன்னும் கடுமை. 2008 மும்பைத் தாக்குதலின்போது நேரலைக் காட்சிகள் தாக்கியவர்களை வழிநடத்தியவர்களுக்கே பயன்பட்டன. உக்ரைனில் 2022 மார்ச்சில் படை நடமாட்டத்தை வெளியிடுவதையே குற்றமாக்கினார்கள். மீட்புப் படகு எங்கே நிற்கிறது என்று சொல்வதில் அந்த ஆபத்து இல்லை, அதைத் தாமதிக்காதீர்கள். யாரைப் பிடிக்க யாருக்கு உதவும் என்ற கேள்வி எழும் காட்சிக்கு மட்டும் தாமதம்.

'கரை உடைந்துவிட்டது' என்று கேள்விப்பட்டதைப் பரப்பாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54: பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். கண்ணால் பார்த்தது, பார்த்தவர் சொன்னது, ஊரில் பேசிக்கொள்வது என்று ஒவ்வொரு செய்தியிலும் பிரித்தெழுதுங்கள். பெற்றோரை இழந்த குழந்தையின் முகத்தையோ பெயரையோ வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 தடுக்கிறது.

பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன் கீழ்ச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் எண்-எழுத்துக் குறியீட்டை, குறிப்பிட வேண்டும். எடுத்த அன்றே எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அதைக் கணக்கிட்டு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், கோப்பு அதற்குப்பின் மாறவில்லை என்று காட்டலாம். இலவசச் செயலிகள் இருக்கின்றன.

அடப்பாறு_கரை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கழியை நாளைக்கே வெட்டிடறோம். பசங்கள்ல ஒருத்தன்கிட்ட 249 கிராம் ட்ரோன் இருக்கு. உடைப்பு எவ்வளவு தூரம்னு மேல இருந்து காட்டலாமா?

மதகடி பதில்:

250 கிராமுக்குள்ளன்னா ஓட்டுநர் சான்று வேண்டாம், 2021 விதிப்படி. ஆனா வான்பகுதிக் கட்டுப்பாடு அதுக்கும் உண்டு. மத்திய அரசோட 'டிஜிட்டல் ஸ்கை' ட்ரோன் வரைபடத்துல சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம ஏத்தக்கூடாது. தஞ்சாவூர்ல விமானப்படைத் தளம் இருக்கு, அந்தப் பக்கம் போறப்ப மறக்காம பாருங்க. காத்து முழுசா அடங்கினப்புறம்தான் ஏத்தணும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா உடனே இறக்கிடுங்க, சோத்துப் பொட்டலம் போட வர்றவங்க தாழத்தான் பறப்பாங்க.