மின்பொறியாளர் சங்கங்களைத் தந்தித் துறையினர் தொடங்கியது ஏன்?

கேள்வி: லண்டனில் 1871-இல் உருவான முதல் சங்கம் தந்திப் பொறியாளர்களுடையதாக இருந்ததற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1: அன்று மின்சாரத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் தந்தித் துறையினர்தான். 1866-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி நிலையாக இயங்கத் தொடங்கியபின், ஆழத்தில் எந்த இடத்தில் பழுது என்பதைக் கரையிலிருந்தே மின்தடையை அளந்து கணிக்கும் திறமைக்கு மதிப்புக் கூடியது. அத்தகைய அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஓர் அவை தேவைப்பட்டது. மே 17 அன்று எட்டுப் பேர் கூடித் தொடங்கிய சங்கத்துக்கு வில்லியம் சீமென்ஸ் முதல் தலைவரானார்.

மறுமொழி 2: அமெரிக்காவிலும் இதே கதைதான். 1884-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடைபெறவிருந்த மின்சாரக் கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்களை வரவேற்கத் தகுந்த அமைப்பு இல்லையே என்ற எண்ணத்தில் அங்கும் ஒரு சங்கம் அமைந்தது. எடிசன் துணைத் தலைவர்களுள் ஒருவர். தலைவரோ வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் நார்வின் கிரீன். அவர் படித்தது மருத்துவம் என்பதுதான் வேடிக்கை.

மறுமொழி 3: லண்டன் சங்கம் 1880-இலேயே மின்துறையினரையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது.