பேரண்டத்தின் கணக்கில் ஒரு மனிதர் வருவாரா?

வாவிக்கரையான், கல்லடி

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோனது. சென்ற நினைவுநாளில் விளக்கேற்றிவிட்டு, மழை விட்டிருந்த கடற்கரையில் என் மருமகனுடன் இருந்தேன். அவன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். தன் சித்தியைப் படத்தில் மட்டுமே பார்த்தவன். நாம் பார்க்கக்கூடிய பேரண்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு என்றும், பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருக்கின்றன என்றும் சொல்லிக்கொண்டு வந்தவன், "இந்தக் கணக்கில் ஒரு மனிதர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மாமா?" என்று கேட்டான். நோகடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததே தவிரப் பதில் வரவில்லை. விஞ்ஞானம் உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறதா?

கல்முனை ஆசிரியர்

உங்கள் மருமகன் சொன்ன எண்கள் சரியானவை. அவர் எடுத்த முடிவு மட்டும் பௌதிகவியலின் எந்த அத்தியாயத்திலும் இல்லை. நீளத்துக்கு, திணிவுக்கு, நேரத்துக்கு அலகு உண்டு. முக்கியத்துவத்துக்கு அலகு கிடையாது. 1990 பெப்ரவரி 14 அன்று வொயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு பிக்சலைக்கூட நிரப்பவில்லை. அந்தப் படத்தைக் காட்டி மனிதர் அற்பம் என்பவர்கள் பலர். அது காட்டுவது தூரத்தை மட்டுமே. கல்முனைச் சந்தையில் நிற்பவர் விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் அவருடைய பசி குறைந்துவிடுவதில்லை.

நம் இரத்தத்தில் உள்ள இரும்பு விண்மீன்களில் உருவானது என்று சொல்லி ஆறுதல் தருபவர்களும் உண்டு. செய்தி உண்மைதான், ஆனால் துருப்பிடித்த கூரைத் தகரத்தில் இருக்கும் இரும்பும் அங்கிருந்தே வந்தது என்பதால் நான் அதை ஆறுதலாகச் சொல்வதில்லை.

சம்மாந்துறை வாசகி

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான ஃபிராங்க் ராம்சே, 1925 ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில், வானத்தின் பருமன் முன்னால் தமக்குப் பணிவு எதுவும் தோன்றவில்லை என்றும், விண்மீன்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் அவற்றால் சிந்திக்கவோ அன்பு செலுத்தவோ முடியாது என்றும் சொன்னார். 1930 இல், 26 வயதில், அவர் இறந்துவிட்டார். பேரண்டம் முழுவதும் மட்டக்களப்பு வாவியின் அளவுக்குச் சுருங்கிவிட்டால் உங்கள் தங்கையின் மதிப்பு கூடிவிடுமா? கூடாது என்றால், அது விரிந்திருப்பதாலும் குறைய வழியில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒருவரைக் கணக்கில் கரைத்துவிட விண்மீன்கள் தேவையில்லை. அன்று இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்ற எண்ணே போதும். அதற்குள்ளும் ஒரு தங்கை காணாமற் போய்விடுகிறாள். ஆனாலும் நினைவுநாளில் கடற்கரைக்கு வருகிற எவரும் முப்பதாயிரத்துக்காக அழுவதை நான் கண்டதில்லை.

திருக்கோவிலான்

இருவரும் எளிதாகத் தப்பிவிட்டீர்கள். ஒருவர் யாரோ ஒருவருக்காவது முக்கியமானவராக இருந்தால் போதும் என்பது உங்கள் வாதமானால், நினைப்பவர்களும் போன பிறகு என்ன மிஞ்சும்? சூரியனே இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் ஊதிப்பெருத்துச் செம்பெருமீனாகிவிடும். பிள்ளை பயப்படுவது அளவைப் பார்த்து அல்ல, மறதியைப் பார்த்து என்றே எனக்குப் படுகிறது.

கல்முனை ஆசிரியர்

நியாயமான கேள்வி. நினைக்கப்படுவது வேறு, நடந்திருப்பது வேறு என்பதே என் பதில். 2004 டிசம்பர் 25 பகலில் நாவலடி மணலில் பட்டுத் தெறித்த வெயிலில், மேகத்துக்குத் தப்பி வெளியேறிய சிறு பங்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 2013 இல் அது சிரியஸ் விண்மீனின் தூரத்தைக் கடந்துவிட்டது. 2030 ஐ ஒட்டி வேகா விண்மீனின் தூரத்தை எட்டும். அதிலிருந்து ஒரு முகத்தைப் படித்தெடுக்கக்கூடிய கருவி எதுவும் இல்லை, அங்கே பார்ப்பதற்கு யாராவது இருப்பார்கள் என்றும் நான் சொல்லவில்லை. பார்ப்பவர் இல்லாததால் அந்தப் பகல் நடக்காததாகிவிடாது என்று மட்டுமே சொல்கிறேன். அவள் அன்று அந்த மணலில் நடந்திருந்தால், நடந்ததுதான். சூரியன் அணைந்தாலும் அதை மாற்ற முடியாது.

வாவிக்கரையான், கல்லடி

நடந்தாள். அன்று நத்தார், அயல்வீட்டில் தந்த கேக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள்.

இவற்றையெல்லாம் மருமகனுக்கு அனுப்பினேன். சூரியனைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. வேகாவைக் கல்லடியிலிருந்து எப்போது பார்க்கலாம் என்று கேட்கிறான்.

கல்முனை ஆசிரியர்

மார்கழி மழையில் தேட வேண்டாம். கச்சான் காற்று வீசும் ஆவணி மாதத்தில், இரவு ஒன்பது மணியளவில், வடக்கு வானில் உயரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் கலந்த வெண்மையாக இருக்கும்.